ஜான் ஹர்ஸ்ட்டின் கோடரியும் நம் விசாரணைக் கைதிகளின் ஓட்டும்

2024 மக்களவைத் தேர்தலின்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு நான்கு பூத் சிலிப் வந்தது. ஓட்டுப் போட்டது மூன்று பேர். நான்காவது சிலிப் அந்த வீட்டு மூத்த பையனுடையது. அடிதடி வழக்கில் ரிமாண்டாகி உள்ளே இருந்தான். ஜாமீன் எடுக்க வசதியில்லாத குடும்பம். "கேஸே இன்னும் நடக்கலையே தம்பி, அதுக்குள்ள ஓட்டை எப்படிப் புடுங்கினாங்க?" என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் பிரிட்டனின் ஜான் ஹர்ஸ்ட் பற்றிப் படித்தேன். நாலு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

ஹர்ஸ்ட் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. 1979ல், தான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவைக் கோடரியால் கொன்றவர். மனநிலையைக் கணக்கில் எடுத்துக் குற்றத்தை ஒரு படி குறைத்தார்கள், ஆனாலும் ஆயுள் தண்டனை. சிறைக்குள்ளேயே சட்டம் படித்தார். தண்டனை பெற்று உள்ளே இருக்கும் யாருக்கும் ஓட்டு இல்லை என்ற பிரிட்டன் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். லண்டனில் 2001ல் தோற்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 2005 அக்டோபர் 6 அன்று 12க்கு 5 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லாக் கைதிகளுக்கும் ஓட்டுக் கொடு என்று அது சொல்லவே இல்லை. ஒரு வாரம் உள்ளே இருப்பவரையும் ஆயுள் கைதியையும் ஒரே கயிற்றில் கட்டி, என்ன குற்றம், எவ்வளவு தண்டனை என்று எதையும் பார்க்காமல் சுமார் 48,000 பேரின் ஓட்டை மொத்தமாகப் பறிப்பதுதான் தவறு என்றது. இந்தத் தடை நியாயமா என்று உங்கள் நாடாளுமன்றம் ஒருநாளாவது எடைபோட்டுப் பார்த்ததற்கு ஆதாரமே இல்லையே என்றும் சுட்டிக்காட்டியது. 1870ல் வந்த ஒரு சட்டத்தின் மிச்சம்தான் அந்தத் தடை. இருக்கிறது, அதனால் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஊடகங்கள் வந்தன. ஹர்ஸ்ட்டுக்குக் கிடைத்த கவனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பத்திரிகைகள் திரும்பத் திரும்பக் காட்டியது கோடரியைத்தான். 'கோடரிக் கொலையாளிக்கு ஓட்டு வேண்டுமாம்' என்ற ஒரே வார்ப்பில்தான் செய்திகள் வந்தன. அவர் 2004லேயே நிபந்தனைகளோடு விடுதலையாகி வெளியே வந்துவிட்டார், வெளியே வந்த அன்றே அவருக்கு ஓட்டுரிமை திரும்பிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே கையில் இருந்த ஓட்டைத் தனக்காகவே கேட்டு அவர் அலைகிறார் என்பதுபோல மக்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். 2010ல் அரசு இறங்கி வரப்போகிறது என்ற செய்தி கேட்டு அவர் ஷாம்பெய்னோடு கொண்டாடி வீடியோ போட்டார். அதைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. செத்துப்போன அந்த அம்மாவின் உறவினர்கள் பார்த்திருந்தால் எப்படித் துடித்திருப்பார்கள்? ஒரு இயக்கத்துக்கு அதைவிடப் பெரிய கெடுதலை எதிரிகூடச் செய்திருக்க முடியாது.

அதே சமயம், அந்த ஒரு மனிதரின் முகத்தைக் காட்டியே மற்ற எல்லோருடைய கோரிக்கையையும் அடக்கிவிட்டார்கள். கைதிகளுக்கு ஓட்டு என்று நினைத்தாலே உடம்புக்கு முடியாமல் போகிறது என்று பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 2011 பிப்ரவரியில் 234க்கு 22 என்று தடைக்கு ஆதரவாக எம்பிக்கள் ஓட்டுப் போட்டார்கள். கைதிகளுக்குக் கோடிக்கணக்கில் நஷ்டஈடு போகப்போகிறது என்ற பயமும் கிளப்பிவிடப்பட்டது. 2015ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் வழக்கில் உரிமை மீறல்தான் என்று சொன்ன அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் நஷ்டஈடாக ஒரு காசும் தரவில்லை. கடைசியில் 2017 நவம்பரில் அரசு ஒரு சின்ன மாற்றத்தை அறிவித்தது. தற்காலிக அனுமதியில் வெளியே வருபவர்கள் ஓட்டுப் போடலாம், அதாவது அதிகபட்சம் நூறு பேர். ஹர்ஸ்ட் வென்று பன்னிரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது இவ்வளவுதான். ஸ்காட்லாந்து மட்டும் 2020ல் தன் தேர்தல்களில் 12 மாதம் வரை தண்டனை பெற்றவர்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. அந்தக் கணக்கிலும் ஹர்ஸ்ட் போன்ற ஆயுள் கைதிக்கு ஓட்டு கிடையாது.

நான் படிக்கப் படிக்க என்னை நிறுத்தியது வேறொரு விஷயம். இவ்வளவு சண்டை நடந்த பிரிட்டனில், ரிமாண்ட் கைதிகளுக்கு ஓட்டு உண்டு. குற்றம் நிரூபணமாகாதவரிடமிருந்து எதற்குப் பறிக்க வேண்டும் என்பதில் அங்கே சண்டையே இல்லை.

நம் நாட்டில்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. பிரிவு 62, உட்பிரிவு 5. சிறையில் இருந்தால், காவல்துறையின் காவலில் இருந்தால், ஓட்டு இல்லை. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்ற வித்தியாசமே கிடையாது. ஆனால் கொலை வழக்கில் தண்டனை பெற்றவரே ஆனாலும், மேல்முறையீடு போட்டு ஜாமீனில் வெளியே இருந்தால் ஓட்டுப் போடலாம்! பணம் இருப்பவருக்கு ஜாமீன், ஜாமீன் இருப்பவருக்கு ஓட்டு. இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே இருந்தபடி தேர்தலில் நிற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். 2024ல் திகார் சிறையில் இருந்த இன்ஜினியர் ரஷீத் காஷ்மீரின் பாரமுல்லா தொகுதியில் முன்னாள் முதல்வர் ஒமர் அப்துல்லாவையே தோற்கடித்தார். வேட்பாளராக நிற்கத் தகுதி உள்ளவருக்கு ஓட்டுப் போடத் தகுதி இல்லை!

இதை எதிர்த்து யாரும் கேட்காமல் இல்லை. 1997ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடை செல்லும் என்றது. கைதிகள் ஓட்டுப் போட வேண்டுமானால் அதிகப் போலீசும் பாதுகாப்பும் தேவைப்படும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. மூன்று சட்ட மாணவர்கள் போட்ட மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் 2020ல் தள்ளுபடி செய்தது. எத்தனை தொலைக்காட்சி விவாதம் நடந்தது இதற்கு? ஹர்ஸ்ட்டுக்குக் கிடைத்தது கெட்ட கவனம்தான், நம் மாணவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் வலியை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்று சிலர் கமெண்டில் எழுதுவீர்கள், தெரியும். தண்டனைக் கைதிகளைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசத் தயார். எனக்கு ஸ்காட்லாந்து போல ஒரு வரம்பு வைப்பது சரியாகப் படுகிறது, உங்களுக்கு வேறு தோன்றலாம். விசாரணைக் கைதி விஷயத்தில் மட்டும் என்னால் இறங்கி வர முடியாது.

போலீஸ், பாதுகாப்பு என்று காரணம் சொல்பவர்களுக்கு ஒன்று. அதே பிரிவு 62ல் ஒரு விலக்கு இருக்கிறது, தடுப்புக் காவலில், அதாவது குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே பிடித்து வைக்கப்பட்டவர்களுக்கு ஓட்டு உண்டு, தபால் ஓட்டு. நம் ஊர் பாஷையில் சொன்னால், குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர் ஓட்டுப் போடலாம், அடிதடி வழக்கில் ரிமாண்டாகி இருக்கும் எங்கள் தெருப் பையன் போட முடியாது. சிறைக்குள் தபால் ஓட்டு போய்த் திரும்புவதற்கு விதிகளும் வழிமுறையும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த உறை பக்கத்து அறைக்கும் போக வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அடுத்த தேர்தலுக்கு உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் இதை நீங்களும் கேளுங்கள்.