உப்புக்கு ஏதய்யா மரபணு?

தினைப் பாக்கெட்டில் 'நான்-ஜிஎம்ஓ', அதாவது மரபணு மாற்றாதது என்ற முத்திரையை ஒட்டினார்கள், பேசாமல் இருந்தேன். தேனுக்கு ஒட்டினார்கள், அப்போதும் பேசவில்லை. இப்போது இந்துப்புக்குமா?

பச்சை இலைப் படம், நடுவில் 'நான்-ஜிஎம்ஓ'. உப்பய்யா அது! சோடியம் குளோரைடு. விதை கிடையாது, வேர் கிடையாது, மரபணுவும் கிடையாது. இல்லாத மரபணுவை எவன் வந்து மாற்றுவான்?

கடைத் தம்பியிடம் கேட்டேன். "இதுதான் சார் ஒரிஜினல். அதுல கலந்திருப்பாங்க" என்று பக்கத்துப் பாக்கெட்டைக் காட்டினார். எதைக் கலப்பார்கள்? "அதான் சார், ஜிஎம்ஓ." உப்பிலா? "இப்பல்லாம் எல்லாத்துலயும் கலக்குறாங்க சார்." ஜிஎம்ஓ என்றால் மூட்டையில் வந்து இறங்கும் ஏதோ பவுடர் என்று நினைக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒட்டியவன் ஆசைப்படுவதும் அதைத்தானே! பின்னால் நின்ற அம்மா வேறு, "உடம்புக்கு நல்லதுன்னுதானே போட்டிருக்காங்க, வாங்குங்களேன் தம்பி" என்றார். சொன்னதோடு நிற்காமல் அவரே 2 பாக்கெட் எடுத்தார்.

இந்தியாவில் சட்டப்படி வயலுக்கு வந்த மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான், அதுவும் 2002-லிருந்து. மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை 2010-லேயே நிறுத்தி வைத்தார்கள். கடுகு 2022-ல் அனுமதி வாங்கி, உச்ச நீதிமன்ற வழக்கில் மாட்டிக்கொண்டது. மரபணு மாற்றிய தினை எந்தக் கடையிலும் கிடையாது. அப்புறம் தினைப் பாக்கெட்டில் எதை இல்லை என்கிறான்?

கேட்க வேண்டிய கேள்வி எண்ணெய் அடுக்கில் இருக்கிறது. அதே பருத்தியின் கொட்டையிலிருந்துதான் பருத்திக்கொட்டை எண்ணெய். கப்பலில் வரும் அர்ஜென்டினா, பிரேசில் சோயா எண்ணெயும் பெரும்பாலும் அந்த ரகம்தான். அங்கே மூச்சு விடமாட்டார்கள். கேட்டால், சுத்திகரித்த எண்ணெயில் மரபணு தங்குவதே அபூர்வம் என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பிறகு உப்புக்கு மட்டும் எதற்கு இந்த அபிஷேகம்?

பூச்சிமருந்து அடிக்கவில்லை என்றும் அந்த முத்திரை சொல்லவில்லை, இயற்கை விவசாயம் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம்கூட இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது: இறக்குமதிப் பயிர்களுக்கு தெரியாமல் கலந்துவிட்டால் 1 சதவீதம் வரை நம் அரசு விதியே விட்டுவிடுகிறது. பட்டாம்பூச்சிப் படம் போட்ட அமெரிக்க நான்-ஜிஎம்ஓ முத்திரைக்கு அது 0.9 சதவீதம். ஆனால் விலை மட்டும் ஒன்றரை மடங்கு, அதில் சதவீதக் கழிவெல்லாம் கிடையாது.

போகட்டும் என்று சாதா கல்லுப்பை எடுத்துக்கொண்டு பில் போடப் போனால், "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்." கல்லுப்புக்கு எதற்கய்யா மொபைல் நம்பர்? சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாதாம்.