ஏழு வருஷத்துக்கு மூன்று ராத்திரி, ஆயிரம் வருஷத்துக்குப் பத்து நிமிஷம்

கன்வென்ஷன் என்கிற கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்களின் சீசன் வந்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுவருக்குச் சுவர் 'கடைசிகால எச்சரிப்பின் கூட்டங்கள்' என்று போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். போய் உட்கார்ந்தால் கடைசிகால எதிரியான அந்திக்கிறிஸ்து, அவன் ஆளும் ஏழு வருஷ மகா உபத்திரவம், அவன் போடும் முத்திரையான 666. தப்பில்லை, வேதத்தில் இருக்கிறதைத்தானே பேசுகிறார்கள். என் மனத்தாங்கல் வேறு. ஏழு வருஷ உபத்திரவத்துக்கு மூன்று ராத்திரி ஒதுக்குகிறவர்கள், அதற்கு அப்புறம் கிறிஸ்து பூமியில் ஆளப்போகிற ஆயிரவருட அரசாட்சிக்குப் பத்து நிமிஷம் தந்தாலே அதிகம். கடைசி நாள், மணி பத்தரை, பாதி ஜனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தாயிற்று. "பிறகு ஆண்டவர் ஆயிரம் வருஷம் அரசாளுவார், அல்லேலூயா, ஜெபிப்போம்." அவ்வளவுதான்.

மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணி வரைபடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இடது ஓரத்தில் ஏதேன், நடுவில் சிலுவை, சபையின் காலம் முடிகிற இடத்தில் மேல் நோக்கி ஒரு அம்பு, அதுதான் இரகசிய வருகை, ஆண்டவர் வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்வது. அடுத்து ஏழு தலை, பத்துக் கொம்பு மிருகம். அதற்குத்தான் ஓவியர் தன் வித்தையெல்லாம் காட்டியிருப்பார், பல்லும் நகமும் தனித்தனியாகத் தெரியும். ஆயிரவருட அரசாட்சி? ஒரு மஞ்சள் வட்டம், உள்ளே '1000' என்று எழுதியிருக்கும். ஒரு மரம்கூடக் கிடையாது.

ஆதிச் சபையில் இது நேர்மாறாக இருந்தது. இன்றைய பிரான்சிலுள்ள லியோன் பட்டணத்தின் பிஷப் ஐரேனியஸ் 180 வாக்கில் எழுதும்போது, முந்தின தலைமுறைப் பிஷப் பாப்பியாஸ் சொன்னதாக ஒரு வர்ணனை தருகிறார். அந்த நாட்களில் ஒவ்வொரு திராட்சச்செடிக்கும் பத்தாயிரம் கிளை, கிளைக்குப் பத்தாயிரம் கொப்பு என்று பெருகிப்போய், ஒரே ஒரு பழத்தைப் பிழிந்தால் 25 அளவு ரசம் வருமாம். ஒரு குலையைப் பறிக்கக் கை நீட்டினால் பக்கத்துக் குலை, "நான் அதைவிட நல்ல குலை, என்னை எடுத்துக்கொள்" என்று கூப்பிடுமாம். படித்தால் சிரிப்பு வரும். நாலாம் நூற்றாண்டில் சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியஸ், பாப்பியாஸுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்றே எழுதி வைத்தார்.

ஆனால் ஐரேனியஸ் எந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதினார் என்று பார்க்க வேண்டும். 177-இல் அதே லியோனில் கிறிஸ்தவர்களைப் பிடித்து மிருகங்களுக்குப் போட்டார்கள். தொண்ணூறு வயது தாண்டிய பிஷப் போத்தினஸை அடித்துச் சிறையில் தள்ள, அங்கேயே செத்துப்போனார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் ஐரேனியஸ். அவர் வைக்கிற நியாயம் எளிமையானது: எந்தச் சிருஷ்டியில் பாடுபட்டார்களோ அதே சிருஷ்டியில்தான் அவர்கள் பலனையும் அனுபவிக்க வேண்டும். எங்கே கொல்லப்பட்டார்களோ அங்கேயே வாழ வேண்டும். எங்கே அடிமைப்பட்டார்களோ அங்கேயே அரசாள வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 20:4-உம் அதைத்தானே காட்டுகிறது? சிங்காசனம் போட்டு, நியாயத்தீர்ப்பு கொடுக்கிற அதிகாரத்தோடு அங்கே வருகிறவர்கள், சிரச்சேதம் பண்ணப்பட்டவர்கள். ரோமக் கோர்ட் குற்றவாளி என்று முடித்துவிட்ட ஆட்கள் நீதிபதியின் இடத்தில். இதைவிடப் பெரிய செய்தி கன்வென்ஷன் மேடைக்கு என்ன வேண்டும்?

எல்லாரும் அப்படி நம்பவில்லை என்பதும் உண்மை. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், எருசலேம் திரும்பக் கட்டப்பட்டு ஆயிரம் வருஷம் இருக்கும் என்று தான் நம்புவதாகச் சொல்லிவிட்டு, நல்ல பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலர் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்றும் அதே மூச்சில் ஒத்துக்கொள்கிறார். பிற்பாடு வந்த பெரிய வேத அறிஞரான பிஷப் அகஸ்டின் முதலில் இதை நம்பி, பிறகு விட்டுவிட்டார். ஆயிரம் வருஷம் என்பது சபையின் காலமே என்றார். கத்தோலிக்கரும் லூத்தரன்காரர்களும் பெரும்பாலும் அந்த வழிதான். இரகசிய வருகை தனி, பகிரங்க வருகை தனி என்று பிரித்துப் பரப்பியவர் 1830-களில் அயர்லாந்தின் பிரசங்கியார் டார்பி. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. அந்தத் துணி வரைபடத்துக்கு வயது இருநூறுகூட இல்லை. ஆகவே அதை ஏற்காதவரை "வருகையை நம்பாதவர்" என்று மேடையில் வெளுத்து வாங்குவது நியாயமே இல்லை.

வருகைக்குத் தேதி குறித்தவர்கள் கதை தெரிந்ததுதான். அமெரிக்காவில் மில்லர் என்ற பிரசங்கியாரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடியக் காத்திருந்தார்கள். திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த யுஸ்தூஸ் யோசேப்பு 1881 என்றார். 2011-இல் அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் மே 21 என்று சொல்லி, அது பொய்த்ததும் அக்டோபர் 21-க்குத் தள்ளினார். பார்கோடு, ஆதார், கொரோனா ஊசி என்று முத்திரையும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. இதில் மேலே பேச ஒன்றுமில்லை, அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36 போதும்.

பேச வேண்டியது, புதிய வானம் புதிய பூமியைப் பற்றிய ஏசாயா 65. குழந்தை அற்ப ஆயுசில் சாகாது. நூறு வயதில் செத்தவன் வாலிபன் என்று எண்ணப்படுவான். வீடு கட்டினவன் அதில் குடியிருப்பான்; ஒருவன் கட்ட இன்னொருவன் குடியிருக்கிறதும், ஒருவன் நட இன்னொருவன் தின்கிறதும் இராது. அந்த உலகத்திலும் சாவு இருக்கிறதே, இது எப்படிப் புதிய வானம் புதிய பூமி ஆகும் என்று கேட்டுத்தான் ஒரு சாரார் இதை ஆயிரம் வருஷத்தில் வைக்கிறார்கள்; மற்றவர்கள் உருவகம் என்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்த வசனம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதில் சண்டை வராது. நம் பந்தலில் பின்வரிசையில் உட்காருகிற கொத்தனாரும் சித்தாளும் ஊரெல்லாம் மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு இருக்கிறவர்கள். அவர்கள் காதில் இந்த வசனம் எப்படி விழும் என்று எந்தப் பிரசங்கியாராவது யோசித்தாரா? அவர்களுக்கும் நாம் கொடுத்து அனுப்புவது மிருகத்தின் பத்துக் கொம்புதான்.

"பயம் காட்டினால்தான் பிரதர் ஜனங்கள் மனந்திரும்புவார்கள்" என்று கமெண்டில் எப்படியும் ஒருவர் வருவார். மீகா 4:4-ஐ அவர் ஒருமுறை வாசிக்கட்டும். அவனவன் தன் திராட்சச்செடியின் நிழலிலும் தன் அத்திமரத்தின் நிழலிலும் உட்காருவான், 'பயப்படுத்துவார் இல்லாமல்'. வரப்போகிற ராஜ்யத்தின் அடையாளமாகத் தீர்க்கதரிசி சொன்னது அது. அதை அறிவிக்கிற கூட்டத்திலிருந்து சிறுபிள்ளைகள் ராத்திரி தூக்கத்தில் அலறுகிற மாதிரி திரும்பி வருகிறார்கள் என்றால் எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

எங்கள் சபைக் கன்வென்ஷனுக்கு இந்த வருஷம் ஒரு ராத்திரியாவது ஏசாயா 65-ஐக் கொடுங்கள் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். "கேட்க நல்லாத்தான் இருக்கு பிரதர், ஆனா கூட்டம் சேருமா?" என்கிறார் செயலர்.