"நீங்க நீங்களாவே இருங்க"ன்னு சொல்றவங்களுக்கு

வேலையில சேர்ந்த முதல் நாள் ஸ்லைடுலயே போட்டுக் காட்டுவாங்க, "இங்க நீங்க நீங்களாவே இருக்கலாம்"னு. நானும் மனசார நம்பினவதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிசைன் ரிவ்யூ கால். கேஷ் (cache, டேட்டாவோட காப்பியைத் தற்காலிகமா வச்சுக்கற இடம்) அழியுற வரிசை தப்பா இருக்கு, ஒரே நேரத்துல நிறைய பேர் வந்து லோடு ஏறினா யூஸருக்குப் பழைய டேட்டாதான் போகும்னு சொன்னேன். ஒருத்தரும் வாயே திறக்கல, அப்படியே அடுத்த பாயிண்டுக்குப் போயிட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சு அதையே இன்னொருத்தர் சொல்றார், "சூப்பர் கேட்ச்"னு மீட்டிங் குறிப்புல, அதான் மினிட்ஸ்ல, அவர் பேர் ஏறுது. "இதைத்தாங்க நான் முன்னாடியே சொன்னேன்"னேன், குரல்கூட ஒசத்தல. அந்த வருஷ அப்ரைசல்ல வந்த வரி என்ன தெரியுமா, "டெக்னிக்கலா ஸ்ட்ராங், பேசுற டோன்ல கவனம் வேணும்". அதுலேர்ந்து "இது தப்பு"ன்னு டைப் பண்ணிட்டு அழிச்சுட்டு "ஒருவேளை இப்படியும் பார்க்கலாமோ?"ன்னு மாத்தி அனுப்புற பழக்கம் வந்துடுச்சு. பக்கத்து சீட்ல இருக்கறவர் நேரா "தப்பு"ன்னு எழுதறார், அவருக்கு அது "தெளிவு".

ஸ்டெபனி ஷர்லி கதையை அப்பதான் படிச்சேன். 1962ல இங்கிலாந்துல வெறும் ஆறு பவுண்ட் போட்டு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சவங்க, குழந்தை பொறந்ததும் வேலையை விட்ட புரோகிராமர் பெண்களைத் தேடித்தேடி எடுத்து, வீட்லேர்ந்தே வேலை பார்க்க வச்சவங்க. தன் பேர்ல லெட்டர் போட்டா பதிலே இல்ல, "ஸ்டீவ்"னு கையெழுத்து போட்டதும் பதில் வர ஆரம்பிச்சுது. வீட்டுக்கு போன் வந்தா பின்னாடி குழந்தை அழற சத்தம் கேட்கக்கூடாதுன்னு டைப்ரைட்டர் அடிக்கிற சத்தத்தை டேப்புல ஓட விடுவாங்களாம்! கான்கார்ட் விமானத்தோட பிளாக் பாக்ஸுக்கு புரோகிராம் எழுதின டீமை நடத்தினவங்க அவங்க. இன்னைக்கும் கால்ல இருக்கும்போது மியூட் பட்டன் மேலேயே விரலை வச்சுக்கிட்டு இருக்கற அம்மாக்கள் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும்.

லின் கான்வே நிலைமை இதைவிட மோசம். சிப் டிசைன் படிச்சவங்களுக்கு அந்தப் பேர் தெரியும். அவங்க ஒரு திருநங்கை. தான் ஒரு பெண்ணுங்கறதை மறைக்காம வாழ முடிவு பண்ணினதுக்காக ஐபிஎம் 1968ல அவங்களை வேலையை விட்டுத் தூக்கிச்சு. பழசை எல்லாம் மூடி மறைச்சு அடியிலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சாங்க, பல வருஷம் வெளிய சொல்லாமலே இருந்தாங்க. ஐபிஎம் மன்னிப்பு கேட்டது 2020ல. 52 வருஷம்!

அதனாலதான் சொல்றேன், உண்மையா இருக்கற தைரியத்தை எங்ககிட்ட மட்டும் கேட்காதீங்க. அதுக்கு நாங்க குடுக்கற விலை உங்களுக்கு இல்ல. பெண்கள் தினத்துக்கு பேனல் வைக்கிறதைவிட, யாரு முதல்ல சொன்னாங்களோ அவங்க பேரை மினிட்ஸ்ல எழுதுங்க. பேச்சு பாதியில வெட்டுப்பட்டா மீட்டிங் நடத்தறவரே "அவங்க முடிக்கட்டும்"னு சொல்லணும், நாங்களே சண்டை போட்டு வாங்கற மாதிரி வைக்காதீங்க. அப்ரைசல்ல "டோன்"னு எழுதினா எந்த நாள், எந்த வார்த்தைன்னும் சேர்த்து எழுதுங்க, எழுத முடியலன்னா அந்த வரியை எடுத்துடுங்க.

போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு தனியா மெசேஜ் பண்ணினா, "அக்கா, இதை ரிவ்யூல போடலாமா?"ன்னு. நாலு வரியில மூணு ஸாரி. பாயிண்ட் நூத்துக்கு நூறு சரி. ஸாரியை எல்லாம் எடுத்துட்டு போடும்மா, கீழ முதல் ரிப்ளை என்னோடதா இருக்கும்னேன். போட்டா. சாயங்காலம் அந்தத் தப்பைப் பதிவு பண்ற டிக்கெட்ல "கண்டுபிடிச்சது"ங்கற இடத்துல அவ பேரை நானே டைப் பண்ணினேன்.