கேம்பிங் போக எந்தச் செயின்சா வாங்குவது?

இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், நவம்பரில் வரும் மெல்பர்ன் கப் விடுமுறை நெருங்குகிறது. ஜூனில் மன்னர் பிறந்தநாள் விடுமுறை வார இறுதி முடிந்ததும் மூடிய மலைப்பாதைகள் இந்த விடுமுறையை ஒட்டித்தான் மறுபடி திறக்கும். பாதையில் மரம் விழுந்து கிடந்தால் அறுக்க வேண்டுமே, அதனால் இந்த வாரம் மட்டும் மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். "அண்ணா, வண்டியில வச்சுக்க ஒரு செயின்சா வாங்கணும், எது நல்லது?" விசாரித்துப் பார்த்தால் மூவர் மனதிலும் ஏற்கெனவே இருப்பது ஒரு 20 அங்குல பெட்ரோல் மெஷின். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

சின்னதாக வாங்குங்கள். சங்கிலி ஓடும் தகட்டின் நீளம் 14 அங்குலம், மிஞ்சினால் 16. பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தை உங்கள் உடம்பைக் காக்கும் கவசங்களுக்குச் செலவு செய்யுங்கள்.

நானும் முதலில் பெரியதைத்தான் வாங்கினேன். 60 சிசி பெட்ரோல் மெஷின். இரண்டு வருடம் முன்பு டூலாங்கி காட்டுக்கு நான்கு வண்டிகளில் போயிருந்தோம், குழந்தைகளும் கூட இருந்தார்கள். முந்தைய நாள் நல்ல மழையும் காற்றும். ஒரு வளைவு தாண்டியதும் பாதைக்குக் குறுக்கே மரம். மவுண்டன் ஆஷ். ஊட்டியில் நாம் தைல மரம் என்போமே, அந்த யூகலிப்டஸ் இனம்தான். உலகத்திலேயே மிக உயரமாக வளரும் பூக்கும் தாவரங்களில் இதுவும் ஒன்று. அன்று விழுந்து கிடந்தது ராட்சத மரமெல்லாம் இல்லை, ஒன்றரை அடி குறுக்களவு இருக்கும். இரண்டு முனையும் இரண்டு பக்க மண்மேட்டில் தாங்கி, நடுப்பகுதி பாலம் போலப் பாதைக்கு மேலே நின்றது.

மெஷினைக் கிளப்பி மேலிருந்து அறுக்கத் தொடங்கினேன். சீவல் சீவலாகப் பறந்தது. பாதி ஆழம் போனதும், அறுத்த வாய் மெல்ல மூடுவதைக் கண்ணாலேயே பார்த்தேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் மரம் சங்கிலியைக் கவ்விக்கொண்டது. இழுத்தும் வரவில்லை, ஆட்டியும் வரவில்லை. கடைசியில் இரண்டு நட்டைக் கழற்றி இன்ஜினைத் தனியாக எடுத்து வைத்தோம். சங்கிலி ஓடும் நீளத் தகடு, இங்கே பார் என்பார்கள், அது மட்டும் மரத்துக்குள் நின்றது. ஒரு நண்பர் தன் வண்டியின் ஜாக்கியை மரத்தின் நடுவே கீழே கொடுத்துத் தூக்கினார். அப்போதுதான் வாய் திறந்தது. எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. பின் சீட்டில் என் மகள் பசியில் அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு முனையிலும் தாங்கி நிற்கும் மரத்தில் மேற்பக்கம் அமுங்கியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர்மாறு. வேரோடு சாய்ந்த மரம் என்றால் இன்னும் ஆபத்து. தண்டை வெட்டியதும் வேர்க்கட்டு மண்ணோடு சட்டென்று நிமிர்ந்துவிடும், பின்னால் யாராவது நின்றால் முடிந்தது கதை. இதெல்லாம் தெரியாதவன் கையில் 60 சிசி இருந்தும் பிரயோஜனம் இல்லை. தெரிந்தவனுக்கு 14 அங்குலம் போதும். மரத்தின் இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் பாரின் நீளத்தை விடப் பருத்த மரத்தையும் துண்டாக்கலாம். அதற்கும் மேலே பருத்த மரம் என்றால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

"விறகு வெட்டணுமே அண்ணா" என்கிறார்கள். விக்டோரியாவில் கேம்பில் மூட்டும் தீ ஒரு சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த அளவு தீக்கு மணிக்கட்டுப் பருமன் விறகு போதும், அதை மடக்கு ரம்பத்தாலேயே அறுத்துவிடலாம். ஜப்பான்காரர்களின் சில்க்கி ரம்பம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இழுக்கும்போது மட்டும் அறுக்கும், வெண்ணெய் மாதிரி இறங்கும். என் வண்டியில் மிக அதிகமாக வேலை செய்யும் கருவி அதுதான். அப்புறம், தேசியப் பூங்காவுக்குள் செயின்சாவை எடுக்கவே கூடாது. அங்கே பாதையில் மரம் கிடந்தால் திரும்பி வந்து நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். மாநிலக் காடுகளில் விழுந்து காய்ந்த மரத்தைக் கேம்ப் தீக்கு எடுக்கலாம். நிற்கிற மரம் பட்டுப்போனதாக இருந்தாலும் தொடக் கூடாது. பொந்து விழுந்த கட்டையையும் விட்டுவிடுங்கள், தயவுசெய்து. அது ஏதோ ஒரு உயிரின் வீடு.

சரி, பேட்டரி ஏன்? நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுவது பிராடோ, பஜேரோ மாதிரி மூடிய வண்டி. பெட்ரோல் மெஷினையும் கலவை எண்ணெய் கேனையும் குழந்தைகள் உட்காரும் அதே காற்றில்தான் வைத்தாக வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து வைப்போம். வருடத்துக்கு நான்கு முறை போகிறவருக்கு அந்தக் கலவை கேனிலேயே கெட்டுப்போகும். பிறகு காட்டில் போய்க் கயிற்றை இழுத்தால் கிளம்பாது. பேட்டரியில் இந்தத் தொல்லை கிடையாது. வீட்டில் இருக்கும் டிரில் மகீட்டாவோ மில்வாக்கியோ ரியோபியோ, அதே பேட்டரியில் ஓடும் செயின்சா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி. வண்டியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதில் ஆறில் ஒரு பங்கு செலவில் இதை நிரப்பிவிடலாம். பேட்டரி மெஷினிலும் சங்கிலி எண்ணெய் ஒழுகும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். பின்புறம் திறந்த யூட் வண்டியில் வாரக்கணக்கில் ஆளில்லாத இடத்துக்குப் போகிறவருக்குப் பெட்ரோல்தான் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை.

மெஷினை விடச் சங்கிலி முக்கியம். ரெட் கம், அயர்ன்பார்க் போன்ற இங்கத்து மரங்கள் எல்லாம் இரும்பு மாதிரி. போதாததற்குத் தரையில் கிடக்கும் கட்டையில் மண் ஒட்டியிருக்கும். ஒரு முறை மண்ணில் பட்டால் போதும், கூர் போய்விடும். முனை கொஞ்சம் உருண்ட செமி சிசல் சங்கிலி கேளுங்கள், இந்த அழுக்கை அதுதான் தாங்கும். சீவல் பறந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரித் தூள் கொட்டினால் போய்விட்டது. சின்ன மெஷின்களில் பெரும்பாலும் வரும் லோ புரொஃபைல் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் வேண்டும். ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில் இரண்டு மூன்று முறை அராவ வேண்டும். பழகிவிட்டால் கால் மணி நேர வேலை.

கடையில் யாரும் நம்மிடம் எடுத்துச் சொல்லாத பொருள் ஒன்று உண்டு. சாப்ஸ், தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டிக்கொள்ளும் உறை. சங்கிலி அதில் பட்டதும் உள்ளே இருக்கும் நார் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்தும். பேட்டரிதானே என்று இதை விட்டுவிடாதீர்கள், தோலுக்கு இரண்டு சங்கிலியும் ஒன்றுதான். பார் முனையின் மேல்பாதி எதிலாவது இடித்தால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அதனால் தலைக்கவசமும் முகவலையும் வேண்டும். வெட்டுப்பட்டால் ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே பட்டை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அங்கே போனில் டவர் இருக்காது. யூஎச்எஃப் ரேடியோவில் அவசரத்துக்கு 5ஆம் சேனல் என்பது வண்டியில் இருக்கும் எல்லாருக்கும், முக்கியமாக வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும்போது மெஷினை எடுக்காதீர்கள்.

டேஃப் கல்லூரிகளில் செயின்சாப் பயிற்சி உண்டு. டூலாங்கிக்குப் பிறகுதான் நான் போனேன், வாங்குவதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன். உங்கள் மெஷினோடு வாருங்கள், அரம் போடச் சொல்லித் தருகிறேன். பின்புறம் காய்ந்த கட்டை இரண்டு கிடக்கிறது, எந்தப் பக்கம் அமுங்கும், எந்தப் பக்கம் இழுபடும் என்று அதை வைத்தே காட்டுகிறேன். செருப்போடு வராதீர்கள், பூட்ஸ் போட்டு வாருங்கள்.