நீவிவிட்டால் குளம்பு சரியாகுமா?

பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டு, எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட ஒரு பெண் குதிரை பினாங்கின் பாலிக் புலாவில் ஒரு லாயத்தில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அது முன்னங்கால்களை நீட்டிப் பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றது. தொடுசிகிச்சை தெரியும் என்று ஒருவர் வந்தார். கண்ணை மூடிக் குளம்பின்மேல் கை வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து, "சூடு இறங்கிவிட்டது" என்று 300 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். சூடு அப்படியேதான் இருந்தது.

கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்திருந்தால் நாடி துள்ளுவது அவருக்கே தெரிந்திருக்கும். அது லாமினைடிஸ். குளம்பின் வெளிச்சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் மென்தகடுகள் பிடிவிடும் நோய்; முற்றினால் எலும்பே கீழே இறங்கிவிடும். மருத்துவர், பனிக்கட்டித் தண்ணீர், மெத்தென்ற தரை, இவைதான் முதலில். வயிற்று வலியும் அப்படித்தான். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைப் பறிக்கும் குதிரையை நீவிக்கொண்டிருப்பவர் நேரத்தைக் கொல்கிறார். (பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டு ஒரு வாளி தானியம் வைப்பவரும் கொலைதான் செய்கிறார். சிறிது சிறிதாக உலர்புல்தான் கொடுக்க வேண்டும்.)

தொடுசிகிச்சைக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் இருமுறை அந்தக் குதிரையை நீவுபவனே நான்தான்.

என் பெரியப்பா பத்து காந்தோங் பந்தயத் திடலில் குதிரைக்காரராக இருந்தவர். 1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய மன்றத்தின் திடல் அது. "தம்பி, கையை முதுகில் வை, கண்ணைக் காதில் வை" என்பார். பிடரி முடிகிற மேட்டில்தான் அவர் கை முதலில் போகும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அங்கேதான். அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதையும், வேறோர் இடத்தில் சொறிந்தால் குறையாததையும் பிரான்சில் குதிரைகளை ஆராய்ந்த இருவர் 1993இல் காட்டினார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஆய்வு தெரியாது. அந்த மேடு தெரியும். குதிரைப் பயிற்சியாளர் லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் உருவாக்கிய முறையில் விரலால் தோலை ஒன்றேகால் சுற்று நகர்த்துவார்கள், கண்ணிமையைத் தொடுவதுபோல் அத்தனை மெதுவாக. நானும் அதைத்தான் செய்கிறேன்.

கை மருந்து கொடுப்பதில்லை, துப்புக் கொடுக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மூச்சு இரைக்கும், தொட்டால் தோல் காய்ந்திருக்கும். இந்தக் குதிரைக்கு இடது விலாவுக்கு மேலே ஒரு சாண் இடம். விரல் அங்கே போனதும் தோல் சிலிர்க்கும், மூக்கு இறுகும். உடனே கையை எடுத்துவிடுவேன். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு மாலை நான் கையை எடுத்த பிறகு அது கீழுதட்டைத் தொங்கவிட்டு, வாயை மென்று, பல்லெல்லாம் தெரியக் கொட்டாவி விட்டது. மறுநாள் மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்தபோது முடிக்கடியில் பழைய சேணப்புண்ணின் முடிச்சு ஒன்று இருந்தது. இப்போது அதற்கு வைத்தியம் நடக்கிறது.

கால் தேறிவருகிறது. இன்று காலை நீவப் போனேன். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொண்டது. பிறகு என்னை விட்டுவிட்டுப் புல்லுக்குப் போய்விட்டது. நானும் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.