அம்மாவின் புள்ளடிக் கணக்கு

விசுவமடுவில் எங்கள் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டர்களில், தம்பி கனடாவில் வேலைக்குப் போன மாதங்களுக்கு அம்மா பென்சிலால் புள்ளடி போட்டு வைத்திருக்கிறார். 36 புள்ளடி. "மூண்டு வருசம் உழைச்சிட்டான், இன்னும் பிஆர் குடுக்கேல்லையோ?" என்று தினமும் என்னைத்தான் பிடிக்கிறார்.

நான் என்ன செய்ய? தம்பி படிக்கும்போது கோப்பிக் கடையில் நின்ற இரண்டு வருசம் போச்சு. அவன் பிஆர், அதாவது நிரந்தர வதிவிடம், கேட்கிற வழி கனேடிய அனுபவப் பிரிவு; முழுநேர மாணவனாக இருந்து செய்த வேலை அதில் சேராது. பிறகு காசாளராக நின்ற எட்டு மாதமும் போச்சு. அது கனடாவின் தொழில் வகைப்பாட்டில் கீழ்மட்ட வேலையாம். மேற்பார்வையாளரான பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கியது. 1,560 மணித்தியாலம் வேண்டும். சரி, கிழமைக்கு 50 மணித்தியாலம் முறிந்தால் கெதியாக முடியும் என்று நினைத்தான். 30 தான் எண்ணுவார்கள்! மிச்சம் 20 யாருக்கு?

வெட்டினது எத்தனை மூடையோ அத்தனை மூடை, அதுதான் அம்மாவின் வயல் கணக்கு. நேற்று 32 புள்ளடியை அழிறப்பரால் அழித்துக் காட்டினேன். மத்தியானச் சோற்றை நானேதான் போட்டுச் சாப்பிட்டேன்.