45 ரூபாய்க்காக என்னைப் பாராட்ட வேண்டாம்

செவ்வாய்க்கிழமை மருத்துவமனை உணவகத்தில் ஒரு வயதான அம்மாவிடம் ரொக்கம் வாங்க மறுத்ததையும், அவருக்காக நான் செல்பேசியில் பணம் கட்டியதையும் பற்றி நான் எழுதிய பதிவுக்கு வந்த பதில்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். பாதிப் பேர் பாராட்டியிருக்கிறீர்கள். "நல்ல மனது அக்கா", "மனிதம் இன்னும் சாகவில்லை", வரிசையாகக் கும்பிடும் கைகள். மீதிப் பேர், "அதுதான் நீங்களே பணம் கட்டிவிட்டீர்களே, பிறகு என்ன பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது இரண்டு தரப்புக்குமே போய்ச் சேரவில்லை. அதனால்தான் இன்னொரு முறை எழுதுகிறேன்.

அந்த அம்மாவிடம் பணம் இருந்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்த, நாலாக மடித்த, கிழிசல் இல்லாத 500 ரூபாய் நோட்டு. இரண்டு இட்லி, ஒரு காபி, 45 ரூபாய். "இங்கே ஸ்கேன் மட்டும்தான் பாட்டி, ரொக்கம் வாங்குவதில்லை" என்று கவுன்ட்டரில் இருந்த பையன் சொன்னான். அவர் நோட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். குறை தன் நோட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மூன்று நாளாக அந்தக் காட்சிதான் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் செல்பேசியை எடுத்துக் கட்டினேன். அவர் நோட்டை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். அந்த நிமிடம் அவர் முகம் சுருங்கிப் போனது. "நான் சும்மாவா கேட்டேன்? காசு வைத்துக்கொண்டுதானே கேட்டேன்" என்றார். இப்போது புரிகிறதா, உங்கள் பாராட்டு எனக்கு ஏன் கசக்கிறது என்று? சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வந்தவரை, இன்னொருவர் தயவில் சாப்பிடுகிறவராக மாற்றியது அந்த உணவகம். அதற்குத் துணை போனவள் நான். இதில் பாராட்ட என்ன இருக்கிறது?

அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனிடம் கல்லாப்பெட்டியே கிடையாது. ஆயிரம் பேர் வந்து போகும் இடத்தில் ஒரு கல்லாப்பெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவர் யாரோ ஒருவர். அவர் பசியோடு அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

"நீங்களும் செல்பேசியில்தானே கட்டினீர்கள்?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். ஆமாம், கட்டினேன். தினமும் அப்படித்தான் கட்டுகிறேன். கீரைக்காரரிடமும் ஆட்டோவிலும் அப்படித்தான். செல்பேசியில் இப்படிப் பணம் கட்ட உதவும் யுபிஐ வந்தது 2016இல். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அது நல்ல வசதி, எனக்கும் பிடித்த வசதி. அதை நிறுத்தச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. ஸ்கேன் அட்டை கவுன்ட்டரிலேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கல்லாவும் இருக்கட்டும் என்கிறேன். இதைச் சொன்னால் உடனே "பழைய காலத்துக்குப் போகச் சொல்கிறீர்களா" என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

"கற்றுக்கொள்ள வேண்டியதுதானே" என்றவருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் 500 ரூபாய் நோட்டு ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பதினைந்து மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது, தமிழும் அதில் உண்டு. முன்பக்கம் விரலால் தடவினால் தட்டுப்படும்படி மேடாக ஒரு வட்டம் இருக்கும். 100 ரூபாய் நோட்டில் அதுவே முக்கோணம். கண் தெரியாதவர் தடவி அறிந்துகொள்ள அப்படி அச்சடித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், பார்வை இல்லாதவர், வேற்று மொழிக்காரர் என யாரும் விட்டுப்போகக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த பொருள் அது. செல்பேசியில் பணம் கட்ட என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த எண், இரகசிய எண் அமைக்க ஏடிஎம் அட்டையோ ஆதாரோ, வரும் ஓடிபியைப் படிக்கும் கண், அதைத் தட்டும் விரல், தீராத பேட்டரி, கிடைக்கும் சிக்னல். பொத்தான் செல்பேசிக்கென்று 2022இல் வந்த 123பே என்று ஒன்று இருக்கிறதாம், அதைச் சொல்லித் தரலாமே என்கிறார் ஒரு தம்பி. வார்டில் கணவரைப் படுக்க வைத்துவிட்டு, விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கீழே இறங்கி வந்த எழுபது வயது அம்மாவுக்கு உணவக வாசலில் வைத்தா பாடம் நடத்துவது? முதலில் சாப்பிட விடுங்கள் தம்பி.

கறுப்புப் பணம், கள்ள நோட்டு என்றெல்லாம் எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. இட்லிக்கா?

சட்டம் பேசியவருக்கு மட்டும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கிச் சட்டம், 1934, பிரிவு 26இன்படி நோட்டு இந்தியா முழுவதும் செல்லும். "ஆனால் தனியார் கடை எப்படிப் பணம் வாங்கலாம் என்பது அவர்கள் விருப்பம்" என்கிறீர்கள். சரி, கடைத்தெருவாக இருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். நோயாளியின் துணைக்கு வந்தவர் எங்கே போவார்? அந்த வளாகத்தில் இருப்பது ஒரே உணவகம். நார்வேயில் 2024 அக்டோபர் முதல், கடையில் ரொக்கமாகக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் போட்டு உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். நியூயார்க் நகரில் 2020இலேயே ரொக்கத்தை மறுக்கும் கடைகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். நம்மைவிட முன்னேறிய ஊர்கள் என்று நீங்கள் காட்டும் ஊர்கள்தான் இவை.

இயந்திரம் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, சித்திரை முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது. நான் மளிகைக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பையன் பொட்டலம் கட்டிய சாமான்களை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவனிடம் பத்து ரூபாய்கூட ரொக்கமாக இல்லை. அன்று யாரும் அவனிடம் "கற்றுக்கொள்ள வேண்டியதுதானே" என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் பேராவூரணி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்டபோது தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரம் இல்லை, ஏடிஎம் இல்லை. அம்மாவின் உளுந்து டப்பாவில் இருந்த பணம்தான் அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கியது.

அந்த டப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 செல்லாது என்று அறிவித்தார்களே, மறுநாள் காலை அம்மா அந்த டப்பாவை அப்பா முன்னால் கொண்டுவந்து வைத்தார். பதினோராயிரம் ரூபாய். இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் சேர்த்தது. "இவ்வளவா வைத்திருந்தாய்!" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கென்று வீட்டில் இருந்த ஒரே இரகசியம் அன்றோடு போயிற்று. அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார், கஜாவுக்குக் கைகொடுத்தது அதுதான்.

இன்று அம்மாவின் வங்கிக் கணக்கில் இருப்பது என் தம்பியின் செல்பேசி எண். அம்மா எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. போன மாதம் கேட்டான்: "அறுநூறு ரூபாய் யாருக்கு அம்மா?" அவன் கெட்டவன் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டான். சித்தி மகளுக்குக் கண்ணாடி வாங்கக் கொடுத்ததை அம்மா சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எழுபத்திரண்டு வயதில் ஏன் சொல்ல வேண்டும்? மகளிர் உரிமைத் தொகை வந்ததும் உடனே அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்து "இவர்களுக்கு வங்கியில் நம்பிக்கை இல்லை" என்கிறார்கள். கையில் இருந்தால்தான் அது அவர்கள் பணம். இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு நாளாவது கணக்குச் சொல்லிச் செலவு செய்திருக்க வேண்டும்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். பரவாயில்லை, எனக்கு இரண்டும் ஒன்றுதான். உன் நோட்டு வேண்டாம் என்று ஒரு கடை சொல்வதும், உன் செலவுக்குக் கணக்குச் சொல் என்று ஒரு வீடு கேட்பதும் அந்த அம்மாக்களின் கையிலிருந்து ஒரே பொருளைத்தான் பிடுங்குகின்றன.

உங்கள் எதிர்ப்புகளில் ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. சில்லறை. கடை நடத்தும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஐந்நூறை நீட்டினால் 455 ரூபாய் மீதிக்கு எங்கே போவது? மாலையில் கல்லாவில் இருபது ரூபாய் குறைந்தால் அது வேலை செய்கிறவன் சம்பளத்தில்தான் பிடிபடும்." உண்மை. இதை நான் மறுக்க மாட்டேன். அந்தப் பையனும் அப்படிப்பட்ட ஒரு கல்லாவில் முன்பு அடிபட்டிருக்கலாம். சில்லறையையும் நாமே கெடுத்துவைத்திருக்கிறோம். பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாம் செல்லும், பதினான்கு வடிவங்கள் இருக்கின்றன என்று 2018இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அதற்குப் பிறகும் எத்தனை கடைகளில், எத்தனை பஸ்களில் திருப்பிக் கொடுத்தார்கள்!

முதல் பதிவில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று மாலை ஐந்து மணி இருக்கும். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஒவ்வொரு மாடியாக ஏறி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் இருக்கும் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் பூ வாங்கி ஐந்நூறை மாற்றியிருக்கிறார். மருத்துவமனை உணவகத்தில் இல்லாத சில்லறை பூக்கூடையில் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இந்த முறை எனக்கு வாய் வரவில்லை. கையை நீட்டினேன். நான்கு பத்து ரூபாய் நாணயங்கள், ஒரு ஐந்து ரூபாய் நாணயம். ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். வைத்துவிட்டு, காலையில் அந்த நோட்டைப் பார்த்த அதே பார்வையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இது செல்லும்தானே அம்மா?"